தண்ணியில்லாக் காட்டில் இரண்டு நாள்

சினிமாவில் மந்திரிக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்கும் அதிகாரியைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மிரட்டுவாரே, அந்தக் காடுதான் எங்கள் அம்மா பிறந்த ஊர். முதுகுளத்தூர் பக்கம். கருவேலமும் குண்டு மிளகாயும் வானம் பார்த்த பூமியும். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து நாற்பது வருசம் ஆன பிறகும் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தால் அம்மா சமையற்கட்டிலிருந்தே கத்துவார். தண்ணீர் ஓடும் சத்தம் அவர் காதுக்கு மட்டும் பத்து மடங்கு பெரிதாகக் கேட்கும்.

அந்த மாவட்டத்துக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கருமாதி. பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை உள்ள மாவட்டம் அதுதான் என்று தெரிந்திருந்தும் ஒருமுறைகூட கடல் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அம்மாவும் அப்படித்தான், ராமேஸ்வரத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறார், இரண்டு தடவையும் யாருக்காவது திதி கொடுக்க. சும்மா ஊர் சுற்றிப் பார்க்க என்று போனதே இல்லை. 2025 மே மாதக் கடைசியில் கம்பெனியில் ஒரு ஷிப்மென்ட் தள்ளிப்போய் எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. அம்மாவைக் கேட்டேன். "இந்த வெயில்லயா?" என்றார், சொல்லி முடிப்பதற்குள் பையை எடுத்துத் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ராமநாதபுரத்தில் மாமா இருக்கிறார், அம்மாவின் தம்பி. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவர். மண்டபம், பாம்பன் பக்கமே பல வருசம் இருந்துவிட்டு ஓய்வு பெற்று டவுனில் வீடு கட்டிக்கொண்டார். சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் நாங்கள் போய் இறங்கியபோது அவர் தெருவில் நான் முதலில் பார்த்தது தள்ளுவண்டிகளைத்தான். சின்னச் சக்கரம் வைத்த இரும்புச் சட்டம், அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள் உட்கார வட்ட வட்டமாகப் பொந்துகள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒன்று நின்றது, எங்கள் ஊரில் பைக் நிற்பதுபோல. நல்ல தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்து வர வேண்டியது. மாமா வீட்டுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயிலேயே வருகிறது, ஆனால் எப்போது வரும் என்று அதற்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

"குடி மாப்ள, காவிரித் தண்ணி. திருச்சியில இருந்து வருது. உங்க நொய்யல் போய்க் காவிரியிலதான கலக்குது? அப்ப உங்க ஊர்ச் சாயமும் கொஞ்சம் இதுல இருக்கும்" என்று செம்பை நீட்டினார் மாமா. திருப்பூர்க்காரன் எந்த ஊருக்குப் போனாலும் இந்தச் சாயப் பேச்சிலிருந்து தப்ப முடியாது. குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ராமேஸ்வரத்துக்குக் கார் எடுக்கலாம் என்றேன். மாமா முகம் சுருங்கிவிட்டது. பாலத்தைக் காரில் தாண்டுவதா? மதுரையிலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பள்ளி விடுமுறை வேறு, நிற்க இடமில்லை. உச்சிப்புளி தாண்டியதும் மாமா கூட்டத்தை விலக்கி என்னை வாசல் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "இப்ப ரெண்டு பக்கமும் கடல் வரும். எது எந்தக் கடல்னு சொல்லு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மண்டபம் போய்ப் பாலம் வந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்த இடத்தில் வயிற்றுக்குள் ஏதோ நழுவுகிறது. ஜன்னலுக்குக் கீழே தரை இல்லை. இடது பக்கம் பச்சைக் கண்ணாடியாய் அசையாமல் கிடக்கிறது தண்ணீர், வலது பக்கம் வெள்ளை வெள்ளையாய் நுரை கக்கிக்கொண்டு தூண்களில் மோதுகிறது. ஒரே நேரம், ஒரே வெயில், நடுவில் ஒற்றைத் தண்டவாளம். வலது பக்கம் நின்றவர்கள் முகமெல்லாம் உப்புச் சாரல்.

"இடது வடகடல். வலது தென்கடல்" என்றார் மாமா. புத்தகத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று போட்டிருப்பதை இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. "இப்ப கச்சான் காத்து அடிக்குது. அதனால தென்கடல் ஆடும், வடகடல் தூங்கும். ஐப்பசிக்கு மேல வாடை வந்துச்சுன்னா வடகடல் ஆடும், தென்கடல் தூங்கும். ரெண்டும் முறை வச்சு ஆடுதுக."

பக்கத்திலேயே பழைய பாலம் துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. 1914 பிப்ரவரியில் திறந்தது. கப்பல் வந்தால் நடுவில் இரண்டு இறக்கைகள்போல மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு, அதைத் திறக்க மோட்டார் கிடையாது, ஆட்கள் நின்று கையால் பல்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறிவிடும், மோட்டார்தான். மாமாவுக்கு இது பிடித்திருக்கிறதா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர் புதுப் பாலத்தைப் பற்றி, "சத்தமே இல்ல பாரு" என்று மட்டும் சொன்னார். பழையதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. 1964 புயலில் பாலத்தின் கர்டர்கள் அடித்துப் போனதையும், தூக்குகிற அந்த நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றதையும், ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில் 46 நாளில் மறுபடி ரயில் விட்டதையும் (பிற்பாடு கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கினாரே, அவரேதான்) ஏதோ தான் பக்கத்தில் நின்று போல்ட் முடுக்கியதுபோலச் சொன்னார். அப்போது மாமா பிறக்கவே இல்லை.

பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். சில படகுகளைத் தரையில் ஏற்றி அடிப்பக்கம் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாட்டுப் படகுகள் மட்டும் போய் வருகின்றன, அதனால் மீன் விலை ஏறியிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற அம்மாள் எங்களிடம் அலுத்துக்கொண்டார்.

கோயில். அக்னி தீர்த்தத்தில் முதலில் முங்க வேண்டும். பெயர்தான் அக்னி, அலையே இல்லை, குளம் மாதிரி. "எந்தக் கடல்?" என்றார் மாமா. "வட கடல்" என்றேன், பாஸ். அப்புறம் நனைந்த துணியோடு உள்ளே போய் 22 தீர்த்தம். இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் பக்தியாக எழுதுகிறார்கள், அல்லது கூட்டத்தைத் திட்டி எழுதுகிறார்கள். எனக்கு அது இரண்டும் இல்லாமல் வேறொன்றாக இருந்தது. கிணற்று மேட்டில் ஓர் ஆள் ஏறி நிற்கிறார், கையில் கயிறு கட்டிய சின்ன வாளி. விடுகிறார், இழுக்கிறார், தலையில் கவிழ்க்கிறார், அடுத்த ஆள். மூச்சு வாங்கும் நேரம்கூட இல்லை. தரையெல்லாம் வழுக்கல், பாட்டிமார் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் பெட்டிபோலப் போகிறார்கள். வடநாட்டுக் குடும்பம் ஒன்று எங்களோடேயே எல்லாக் கிணற்றுக்கும் வந்தது. மொழி புரியாவிட்டாலும் பத்தாவது கிணற்றுக்குள் அந்த வீட்டுப் பெரியம்மாவும் எங்கள் அம்மாவும் கைகோர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

அம்மா செய்த வேலை என்னவென்றால், தண்ணீர் தலையில் விழும்போதெல்லாம் அண்ணாந்து வாயைத் திறந்துவிடுவார். ருசி பார்க்கிறார்! நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தீர்ப்பு வேறு. "இது சப்புன்னு இருக்கு." "இது லேசா கரிக்குது." "இது எங்க ஊர் ஊருணித் தண்ணி கணக்கா இருக்கு." சங்கு தீர்த்தத்துக்கும் சக்கர தீர்த்தத்துக்கும் நடுவில் நாலு எட்டுகூட இருக்காது, இரண்டும் வேறு வேறு ருசி என்று சத்தியம் செய்தார். கடைசியாகக் கோடி தீர்த்தம். அதைத்தான் எல்லோரும் வீட்டுக்குப் பிடித்துப் போகிறார்கள். அம்மா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். "இனிக்குதுடா" என்றார். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

உலர்ந்த துணி மாற்றி, முதலில் அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கம், அப்புறம் சீதை மணலில் பிடித்த ராமலிங்கம் என்று முறைப்படி கும்பிட்டுவிட்டு மூன்றாம் பிரகாரத்துக்கு வந்தோம். 1212 தூண்கள். தண்ணீரே இல்லாத சீமையை ஆண்ட சேதுபதிகள் கல்லே இல்லாத தீவில் இதைக் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு கல்லும் கடல் தாண்டி வந்தது. நான் படம் எடுக்கப் பார்த்தேன், உள்ளே போன் விடமாட்டார்கள், வெளியே டோக்கன் போட்டு வைத்திருந்ததே மறந்துபோய்ச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பள்ளிவாசல் தெருவில் கலாம் வீட்டு முன்னால் வரிசை தெருமுனை வரை இருந்தது. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

தனுஷ்கோடிக்கு ஆட்டோ பேசினோம். ஆட்டோக்காரர் ஊர் தாண்டுவதற்குள் ஒரு சங்குக் கடை வாசலில் நிறுத்தி, "சும்மா பாருங்க, வாங்கணும்னு இல்ல" என்றார். அம்மா ஏற்கெனவே இறங்கிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் வலம்புரிச் சங்கு, ஒரு சர்டிபிகேட்டோடு. விலையைக் கேட்டு அம்மா பர்ஸைத் திறக்கிற நேரத்தில் மாமா காதோரம் சொன்னார்: "அக்கா, வலம்புரி இந்த வெலைக்குக் கெடச்சா இந்த ஊர்ல ஒருத்தன் ஆட்டோ ஓட்டுவானா?" பர்ஸ் மூடிக்கொண்டது. ஆட்டோக்காரர் அடுத்த ஐந்து கிலோமீட்டருக்குப் பேசவில்லை.

தனுஷ்கோடிச் சாலையை 2017-இல் அரிச்சல்முனை வரை நேராகப் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி வேன் பிடித்து மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும், மாமா அப்படித்தான் போயிருக்கிறார். இப்போது கார்கள் நூறில் பறக்கின்றன. வலது பக்கம் ஆண் கடல், இடது பக்கம் பெண் கடல் என்று ஆட்டோக்காரர் (கோபம் தணிந்து) சொன்னார். இங்கே அப்படியும் ஒரு பெயர் உண்டு, ஆடுவது ஆண், அடங்கிக் கிடப்பது பெண். "ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க, பொம்பளக் கடல் யாருன்னு தெரியும்" என்றார் மாமா. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கடித்த புயல் அந்த வாடைப் பருவத்தில் வந்ததுதான்.

இடிந்த தேவாலயத்தின் சுவர்களைப் பலரும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதை நான் விவரிக்கப்போவதில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தச் சுவர் பவளப் பாறைக் கல். தேன்கூடுபோலப் பொடிப்பொடி ஓட்டை, நட்சத்திர நட்சத்திரமாய்க் கோடுகள். கடலில் வெட்டி எடுத்த கல்லால் கட்டியதைக் கடலே திரும்ப வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. ரயில் நிலையம் என்று காட்டுகிற மேட்டில் மாமா கொஞ்ச நேரம் தனியாக நின்றார். சென்னையில் ரயிலேறி இங்கே இறங்கி, இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்களில் ஒன்றைப் பிடித்துத் தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி கொழும்பு போவார்களாம். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. மாமா வீட்டிலிருந்து நாங்கள் அன்றைக்கு வந்த தூரத்தில் பாதிகூட வராது.

அங்கேதான் அந்த ஊற்று. ஓலைக் கொட்டகையில் பொரித்த மீனும் பாசி மாலையும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாட்டில் தண்ணீர் விற்கவில்லை அவர். "இருங்கக்கா" என்று கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, வாயைச் சுற்றி ஓலை செருகியிருந்தது. அடியில் இரண்டு கை அள்ளும் அளவுக்குத் தண்ணீர். சிரட்டையால் மேலாக்க, மேலாக்கவே, கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றினார். ஊற்றிய சிறிது நேரத்தில் பக்கத்து மணல் கசிந்து குழி மறுபடி அதே அளவுக்கு நிறைந்தது. இந்தப் பக்கம் கடல் இருநூறு அடி, அந்தப் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு அந்த அக்காவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டி வச்சா நெறைய ஊறாதா?"

"ஆழமாத் தோண்டுனா உப்பு வந்துரும்கா. மேலாக்கத்தான் நல்ல தண்ணி."

இதற்குக் காரணம் கேட்டால் எளிமையானது. பெய்கிற மழை மணலில் இறங்குகிறது. உப்புத் தண்ணீர் கனம் அதிகம், நல்ல தண்ணீர் லேசு, அதனால் மழைத் தண்ணீர் கீழே உள்ள உப்புத் தண்ணீர்மேல் ஓர் ஆடைபோல மிதந்துகொண்டு நிற்கிறது. அந்த ஆடையை மட்டும் எடுத்தால் இனிக்கும், ஆசைப்பட்டு ஆழப்போனால், இல்லை மோட்டார் வைத்து உறிஞ்சினால், கீழிருக்கிற உப்பு மேலேறிவிடும். கோயில் கிணறுகள் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் கரிக்காமல் இருப்பதற்கும் இதேதான் காரணம். இதை நான் அம்மாவுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க ஊர்ல கடல் எங்கயோ தள்ளி இருக்கு. கெணறு வெட்டி, போர் போட்டு, எங்க அப்பா காசெல்லாம் அந்தக் குழியிலதான் போச்சு. வந்ததெல்லாம் உப்பு" என்றார். அந்த அக்கா காசு வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா இரண்டு பாசி மாலை வாங்கினார், ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டார்.

அரிச்சல்முனையில் அசோகத் தூணைச் சுற்றி ஒரே செல்பி. என் போனுக்கு இலங்கை உங்களை வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வந்தது, மகளுக்கு உடனே அனுப்பினேன், 'பொய்' என்று பதில் வந்தது. சாயங்காலம் ஆனதும் போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் திரட்டி அனுப்பிவிடுகிறார்கள். ரயில் கிடைக்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே ராமநாதபுரம் வந்து சேர்ந்தோம். அம்மா மட்டும் உட்கார்ந்து, மடியில் இரண்டு பாட்டிலோடு தூங்கிவிட்டார்.

மறுநாள் தெற்குக் கரை. திருப்புல்லாணியில் ராமர் புல்லைப் பரப்பிப் படுத்திருக்கிறார், கடல் வழிவிடக் காத்திருந்து சலித்துப்போய்ப் படுத்துவிட்டாராம். பால் பாயசம் பிரசாதம் வாங்கிக் குடித்தோம், சூடாக இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை. தை, ஆடி அமாவாசைக்குக் கால் வைக்க இடமிருக்காத அந்தக் கரையில் அன்று நாங்களும் நாலு ஆடும்தான். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது, அலை கரையையே பெயர்த்துவிடும்போல வந்தது. "எந்தக் கடல்?" என்று மாமா கேட்க நினைத்து வாயைத் திறந்து மண் போய் மூடிக்கொண்டார்.

கீழக்கரையில் இறங்கியதே தொதல் வாங்கத்தான். அத்தை சொல்லி அனுப்பியிருந்தார், வாங்காமல் வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று. பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி, மூன்றையும் பெரிய உருளியில் போட்டு எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். கை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அல்வா என்று நினைத்து வாயில் போட்டால் ஏமாந்துபோவோம், அல்வா நழுவிவிடும், தொதல் பல்லைப் பிடித்துக்கொண்டு பேசும். முதலில் தேங்காய், கடைசியில் கருப்பட்டியின் லேசான புகை வாசம். இதே பெயரில் இதே பண்டம் இலங்கையிலும் உண்டு. மரக்கலம் போன வழியெல்லாம் இதுவும் போயிருக்கும், இல்லை அங்கிருந்து இங்கே வந்திருக்கும்.

கடைக்காரர் எங்களை நிறுத்தி வைத்து சீதக்காதி கதை சொன்னார். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் சொல்கிற அந்த வள்ளல் இந்த ஊர் மரைக்காயர்தான், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். அவர் அடங்கியிருக்கும் பெரிய பள்ளிவாசலை வெளியில் நின்று பார்த்தோம். கல்தூண்களும் போதிகைகளும் முந்தின நாள் பார்த்த பிரகாரத்தை ஞாபகப்படுத்தின, சிலைகள்தான் இல்லை, பூவும் கொடியுமாக இருந்தது. "ஒரே ஆசாரி செஞ்ச மாதிரி இருக்குல்ல" என்றார் அம்மா. இருக்கலாம்.

மதியம் அத்தை வைத்த விளமீன் குழம்பு. தீர்த்தமாடிய விரதமெல்லாம் முந்தின நாளோடு முடிந்துவிட்டதாக அம்மாவே அறிவித்துவிட்டார். உத்தரகோசமங்கை போக நேரமில்லாமல் போய்விட்டது, அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் சாயங்காலம் தேவிபட்டினம். வழியில் பெரிய கண்மாய்க் கரையை மாமா காட்டினார், வைகை வந்து முடிகிற இடம். வெள்ளம் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் கடலைத் தொடும், மற்றபடி தொடாது. சிவனுக்கு நஞ்சு கொடுத்த பாவி இந்தக் கடல் என்று வைகை அதில் கலக்க மறுத்துவிட்டதாகப் பழைய பாட்டு ஒன்று உண்டு. நாங்கள் பார்த்தபோது கண்மாயில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே ஒன்பது கல், ராமர் நட்ட நவகிரகம் என்று ஐதீகம். நடைபாதை வழியாகப் போய்ப் படியில் இறங்கித் தண்ணீரில் நடந்து ஒவ்வொரு கல்லாகச் சுற்றலாம். நவதானியம் தூவித் தூவித் தண்ணீரில் எள்ளும் பயறும் மிதந்தது, சின்ன மீன்கள் காலைக் கடித்தன. காலையில் சேதுக்கரையில் பார்த்த கடலுக்கும் இதற்கும் இடையில் முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். இங்கே அலை என்ற ஒன்றே இல்லை. சூரியன் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, தூரத்தில் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குள் நடந்துகொண்டே இருந்தார், நடந்துகொண்டே இருந்தார், ஆழம் வரவே இல்லை. சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா ஒன்பதையும் மூன்று சுற்று சுற்றினார். சுற்றி முடித்தும் கரையேறவில்லை. சும்மா நின்றார். மாமா என்னிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார், "அக்கா, இது எந்தக் கடல்?"

"எந்தக் கடலா இருந்தா என்ன, மழை பெஞ்ச கண்மாய் மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

திங்கட்கிழமை விடியக்காலை திருப்பூர். நான் குளித்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடிவிட்டேன். ராத்திரி வந்து பார்த்தால் அம்மா பூஜை அலமாரிக்கு முன்னால் மூன்று பாட்டிலை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றும் ஒரே கம்பெனி பாட்டில், ஒரே அளவு. எது கோடி தீர்த்தம், எது தனுஷ்கோடி ஊற்று என்று எழுதி ஒட்ட மறந்துவிட்டார், பஸ்ஸில் தாகத்துக்கு மாமா கொடுத்துவிட்ட வீட்டுத் தண்ணீர் பாட்டில் வேறு அதோடு கலந்துவிட்டது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தீர்த்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொன்றிலும் மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டுக் கண்ணை மூடி யோசித்தார். முதலாவதைத் தள்ளி வைத்தார், "ஊற்று." இரண்டாவதை இரண்டு முறை குடித்துப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மூன்றாவதை ஒரே மடக்கில் குடித்து முடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"இது நம்ம நொய்யல்."

அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்கா தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக் குடித்துவிட்டு, என்ன இனிப்பு என்றார். அம்மா வைத்தது சரியான பாட்டில்தானா என்று எனக்கு இன்னும் லேசாகச் சந்தேகம் உண்டு.